இடப்பக்கம் உட்காரவும்

எண்பதைத் தாண்டிய கூட்டாளிகளே, விழுப்புரம் போகிற பழைய கரி ரயிலின் சத்தம் உங்களில் யார் காதிலாவது இன்னும் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. காது மெஷினைக் கழற்றி வைத்த பிறகும் கேட்கிறது. டாக்டரிடம் சொன்னால் வயசு என்கிறார். வயசாவது மண்ணாவது! ஒன்பது வயசில் அந்தச் சத்தத்தை ஒன்று விடாமல் எண்ணியவள் நான். எண்ணியது என் சித்தப்பாவுக்காக. அந்தச் சித்தப்பாவின் குடியை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அவரும் போய்விட்டார், அவரைக் கட்டிக்கொண்ட சித்தியும் போய்விட்டாள். இனி யாரிடம் ஒளிக்க வேண்டும்?

அப்போது வில்லியனூர் பிரெஞ்சுக்காரன் சீமை. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முன்னால். ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. அப்பா நெல்லும் கரும்பும் வைத்திருந்தார். அப்பாவின் தம்பிதான் சித்தப்பா. இருபத்தைந்து வயசு இருக்கும். ‘மேரி’ என்று நாங்கள் சொல்லும், பஞ்சாயத்து மாதிரியான கொம்யூன் ஆபீஸில் பிறப்பு இறப்பு எழுதுகிற குமாஸ்தா. பிரெஞ்சு எழுதினாலும் தமிழ் எழுதினாலும் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ரயில் பைத்தியம் ஒன்றுதான்.

பைத்தியம் என்றால் சாதாரணப் பைத்தியமில்லை. நம் லைன் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். புதுச்சேரியில் கிளம்பினால் வில்லியனூர். அப்புறம் இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் சின்னபாபுசமுத்திரம், வளவனூர். கொஞ்சம் கண் அசந்தால் விழுப்புரம் வந்துவிடும். அந்தக் குட்டிப் பாதையில் எந்த இன்ஜின் எந்தக் கிழமை வரும், எதன் புகைபோக்கியில் ஒடுக்கு விழுந்திருக்கிறது, எந்த டிரைவர் விசிலை நீட்டி ஊதுவார், எவர் வெட்டி ஊதுவார், எல்லாம் சித்தப்பாவுக்கு அத்துப்படி. அப்பாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. “டேசன் பக்கம் போறவன் சீட்டாடத்தாண்டா போவான்” என்பார். சித்தப்பா சீட்டுக்கட்டைக் கையால் தொட்டவரில்லை. அப்பா ஒரு நாளும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தவருமில்லை.

புதுச்சேரியில் ரோடு போடும் இலாகாவில் இருந்த ஒரு முசே, அதாவது ஒரு பிரெஞ்சுத் துரை, ஊருக்குத் திரும்பிப் போகிறபோது பழைய காகிதங்களைக் கழித்துவிட்டுப் போனார். அதில் சித்தப்பாவுக்கு ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. அட்டை போயிருந்தது. உள்ளே பிரான்சிலும் அதன் கீழுள்ள தேசங்களிலும் ஓடுகிற குட்டி ரயில்களின் விவரம். பெரிய லைனெல்லாம் கிடையாது, கிளை லைன் மட்டும். ரயில் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்களுக்காக ரயில் பித்துப் பிடித்த நாலு பேர் சேர்ந்து போட்டது. எந்தப் பாதையில் என்ன இன்ஜின், எங்கே வளைவு, எங்கே இறங்கினால் என்ன பார்க்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். சித்தப்பா அதை மூன்று தடவை புரட்டினார்.

“இன்னா அநியாயம் பாரு குட்டி. ஆப்பிரிக்காவுல எங்கியோ காட்டுக்குள்ள போற லைனு கீது. நம்ம லைனு இல்ல.”

கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. விட்டுப்போன பாதைகளைத் தெரிந்தவர்கள் எழுதி அனுப்பினால் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வோம் என்று விலாசம் போட்டிருந்தார்கள். அன்றைக்கே சித்தப்பா தடிமனான நோட்டு ஒன்றை எடுத்து எழுத உட்கார்ந்தார். முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் பிரெஞ்சில் பிரதி எடுத்து அனுப்புவதாக ஏற்பாடு.

வந்தது வினை.

பிரெஞ்சில் இந்த மாதிரி வழிகாட்டிப் புத்தகத்துக்கு ‘கீத்’ என்று பெயர். ஒரு நாள் சாயங்காலம் அம்மா விளக்கேற்றிக்கொண்டே கேட்டாள்.

“இன்னா தம்பி, ஆபீஸ் விட்டு வந்தும் எழுதிக்கினே கீறியே, இன்னா எழுதற?”

“கீத் அண்ணி.”

“கீதையா!”

அம்மா கையிலிருந்த தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். சித்தப்பா இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் மாட்டுக் கொட்டகையிலிருந்து அப்பாவின் சத்தம் வந்தது. “இன்னாத்த கிறுக்கறான் அவன்? ஒரு நாளிக்கு அந்த நோட்ட அடுப்புல வெக்கறனா இல்லியா பாரு!”

“வாயக் கழுவுங்க! கீதை எழுதுது தம்பி!” என்றாள் அம்மா.

அப்பா தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கினார். அடுப்புக்குப் போகவேண்டிய நோட்டு அன்றைக்கே சாமி மாடத்துக்குப் போனது. அம்மா அதற்கு மஞ்சள் துணி சுற்றி, சந்தனம் தடவி, குங்குமம் வைத்தாள். அதன் பிறகு குளிக்காமல் அதை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம். ‘வில்லியனூர் ஸ்டேஷன். தண்ணீர்த் தொட்டி ஒன்று. கழிவறை கிடையாது’ என்று அதன் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது எனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

சித்தப்பா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். “வாய மூடிக்கினு இரு குட்டி. கீதைன்னாதான் உங்கப்பா தொடமாட்டாரு. யாரு கேட்டாலும் கீதைதான். சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். நம் ஊர்ப் பேச்சில் இருக்கிறது என்பதைக் கீது என்கிறோம் இல்லையா? அதை வைத்து அவரைச் சீண்டுவது எனக்கு ஒரு விளையாட்டாகப் போயிற்று. “சித்தப்பா, கீத் எங்க கீது?” என்று அம்மா எதிரிலேயே கேட்பேன். “கீதைய அப்பிடி வாடா போடான்னு கேக்காதடி” என்று அம்மா தலையில் குட்டுவாள். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தத் தையிலிருந்து பங்குனிவரை ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் எங்களுடையவை. காலை வண்டியில் விழுப்புரம் போய்ச் சாயங்கால வண்டியில் திரும்புவோம். அம்மா வாழையிலையில் புளிச்சோறு கட்டிக் கொடுப்பாள். கோயிலுக்குப் போய்ப் படிக்கிறோம் என்று அவள் நினைப்பு. எந்தக் கோயில் என்று அவளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மூன்றாம் வகுப்பு மரப் பெஞ்சு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். உட்காராவிட்டால் எதற்கு ரயில்? லைன் ஓரத்துக் கல்லெல்லாம் மைல் கணக்கு. பிரெஞ்சுக்காரன் புத்தகத்துக்குக் கிலோமீட்டர் வேண்டும். பெருக்கிப் போட்டால் தீர்ந்தது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. சித்தப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். “எண்ணிப் பாக்காத எழுதினா அது கீத் இல்ல குட்டி, கத” என்பார். தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும். சக்கரம் அதைத் தாண்டும்போது டடக் என்று கேட்கும். ஒரு தண்டவாளத்தின் நீளத்தை அளந்து வைத்திருந்தார். எத்தனை டடக் என்று எண்ணிவிட்டால் தூரம் வந்துவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார். நானும் எண்ணுவேன். நூறு முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொள்வேன். கடைசியில் இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும்.

சின்னபாபுசமுத்திரத்தில் இங்கிலீஷ் சீமையின் சுங்கச் சேவகர்கள் ஏறி மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு தடவை பெரிய மீசைக்காரர் ஒருவர் எங்கள் மஞ்சள் துணியை எடுத்தார்.

“இன்னா இது?”

“கீத்” என்றார் சித்தப்பா. வேறென்ன சொல்வார்?

மீசைக்காரர் குங்குமத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். “இந்த வயசுலயே! நல்லா இருப்பா” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரின் மூட்டையைப் பிரிக்கப் போனார். வளவனூர் வரைக்கும் நான் பாவாடையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டுதான் போனேன்.

சின்னபாபுசமுத்திரம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி வேகத்தைக் குறைக்கும். விழுப்புரம் போகும்போது இடது கைப்பக்கம் கரும்புத் தோட்டம், அதற்குள் ஒரு ஓட்டு வீடு, வீட்டுக்கு முன்னால் ராட்டினம் போட்ட பெரிய கிணறு. அதில் ஒரு அக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பாள். ரயிலைப் பார்த்ததும் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கி ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன். எனக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று எனக்கு ஏகப் பெருமை. போகும்போதும் கிணற்றடியில் நிற்பாள், திரும்பும்போதும் நிற்பாள். இவர்கள் வீட்டில் மட்டும் அப்படி என்ன தண்ணீர்ச் செலவு என்றுகூட யோசித்திருக்கிறேன். அந்த இடத்தில் மட்டும் சித்தப்பாவுக்கு எண்ணிக்கை தவறிவிடும்.

“எத்தன குட்டி?”

“நீங்க எண்ணலியா?”

“தூசி விழுந்துச்சு.”

அந்த ஒரு துண்டுக்காக ஏழெட்டு ஞாயிறு திரும்பத் திரும்ப எண்ணினோம். எனக்குக் கோபமான கோபம்.

தை மாசமே பிரெஞ்சுப் பிரதியை எழுதி முடித்துவிட்டார். எண்ணிக்கை சரிவராத அந்தத் துண்டுக்கு மட்டும் ‘ஏறக்குறைய’ என்று போட்டிருப்பதாகவும், நோட்டில் சரியாக எண்ணித் தீர்த்துவிடுவதாகவும் சொன்னார். சீமைக்குப் போகிற கப்பல் தபாலில் அதைச் சேர்த்துவிட்டு வந்த அன்று எனக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கிடைத்தது. மாசி பிறந்ததும் தரகர் வந்தார். வழக்கமாகத் தரகர் தலையைக் கண்டாலே சித்தப்பா ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். இந்தத் தடவை கிளம்பவில்லை.

“சின்னபாபுசமுத்திரத்துல நல்ல எடம் ஒண்ணு கீதாம் தம்பி. கரும்பு வெள்ளாமக்காரங்க” என்றாள் அம்மா.

“பாக்கலாம் அண்ணி.”

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு அண்ணனுக்குக் கல்யாணம் ஆன பிறகு அவர் தன் தங்கச்சியைத் தேருக்குக்கூட அழைத்துக்கொண்டு போகவில்லை. எனக்கும் அந்தக் கதிதான். வைக்கோல் போருக்குப் பின்னால் போய் அழுதேன். பெண் யார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இந்த வயசில் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஒரு வெள்ளிக்கிழமை காலை வண்டியில் அவர்கள் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பாவும், அவருடைய தங்கச்சியும். அந்த அம்மா, பெண்ணுக்கு அத்தை முறை. அவள் நெற்றியில் பொட்டு இருந்தது, முகத்தில் களை இல்லை. சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கடிகாரச் சங்கிலியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். காது நுனி சிவந்திருந்தது. சுழியமும் காப்பியும் போயிற்று. எல்லாம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அம்மா சும்மா இருந்திருக்கலாம்.

“எங்க தம்பிக்கு வெத்தல பாக்குகூட கெடையாதுங்க. நேரம் கெடச்சா கீதை எழுதும். பாக்கறீங்களா?” என்று மாடத்தைக் காட்டினாள்.

பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணனும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா கடிகாரச் சங்கிலியை விட்டார். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்?

அந்த அத்தை, மாடு பார்க்கப் போகலாமா என்று கேட்டு என்னைக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போனாள். மாட்டைப் பார்க்கவில்லை. என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு, மெய்ய சொல்லு. ஒங்க சித்தப்பா கீதைதான் எழுதறாரா?”

“ஆமா.” சத்தியம் பண்ணியிருந்தேன் அல்லவா?

“சாமி கும்புடறவங்கள நான் தப்பு சொல்லல. எங்க வூட்டுக்காரரும் இப்பிடித்தான் மொதல்ல பொஸ்தகம் எடுத்துக்கினு உக்காந்தாரு. அப்பால காவி கட்டிக்கினு திருவண்ணாமல போயிட்டாரு. நான் எங்க அண்ணன் வூட்ல கெடக்கறேன். எங்க பொண்ணுக்கும் அந்த மாரி ஆயிடக் கூடாதுடி. அதுக்குதான் கேக்கறேன்.”

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான், கல்யாணத்தை நிறுத்த என்ன சொல்லவேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. ஒன்பது வயசுப் பெண்ணுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்காதீர்கள். நன்றாகப் புரியும்.

“காலையில இருட்டோட எழுந்து சம்மணம் போட்டு, கண்ண மூடிக்கினு உக்காந்திருப்பாரு” என்றேன். உண்மைதான். முதல் வண்டி எப்போது கூவுகிறது என்று கேட்பதற்காக.

“அப்பறம்?”

“எண்ணுவாரு. நூறு, எரநூறுன்னு. நடுவுல பேசினா கோவம் வரும்.”

“ஐயோ, செபமா?”

“நாயித்துக்கெழம வூட்ல சாப்புட மாட்டாரு. எங்க போயி முடியுதோ அது வரைக்கும் போயிப் பாத்துடணும், திரும்பி வரலன்னாலும் பரவால்லம்பாரு.”

அது தெற்கே போகிற பெரிய லைனைப் பற்றி ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னது. அந்த அம்மா என் கையை விட்டாள். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சொன்னதில் கீதை என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறு ஒன்றும் பொய் இல்லை. அந்த வார்த்தையும் சித்தப்பா சொல்லச் சொன்னது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் எழுபது வருஷத்துக்கு மேலாக என் மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். அது ஆகவில்லை.

திங்கட்கிழமை தரகர் வந்து, ஜாதகம் சரியில்லையாம் என்றார். அப்பா விடவில்லை. “மெய்யான காரணத்த சொல்லுய்யா.”

“காவி கட்டப் போற புள்ளைக்கு எப்பிடிப்பா பொண்ணு குடுக்கறதுன்னு கேக்கறாங்க. கீதை எழுதறாராமே?”

சித்தப்பா அப்போது முற்றத்தில் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே அவர் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கலாம். ஏன் உடைக்கவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சாமி மாடத்துக்கு எதிரில் போய் நின்றாள்; “நீ சோதிக்கற, சோதி” என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் கும்பிட்டாள். அந்த நேரத்தில் அதில் இருப்பது இன்ஜின் நம்பர் என்று எவர் சொல்வார்? சித்தப்பா பொத்தானைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ரயிலுக்குக் கிளம்பவில்லை. நான் பாவாடை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். “தல நோவுது குட்டி” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கல்யாணம் நின்றால் ஞாயிறு என்னுடையது என்றுதானே எல்லாம் செய்தேன்? கல்யாணமும் போயிற்று, ஞாயிறும் போயிற்று. காலை வண்டி கூவியது. அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நேராக அப்பாவிடம் போனேன்.

“அப்பா, அது கீதை இல்ல. கீத்.”

“இன்னாடி ஒளர்ற?”

“ரயில் பொஸ்தகம்ப்பா. பாருங்க.”

அப்பா குளித்துவிட்டுத்தான் நோட்டைத் தொட்டார். மஞ்சள் துணியை அவிழ்த்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘தண்ணீர்த் தொட்டி ஒன்று.’ அடுத்த பக்கம். ‘இந்த மதகின் மேல் வண்டி போகும்போது சத்தம் மாறும், கேட்டுப் பார்க்கவும்.’ அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சீட்டாடப் போறான்னு நெனச்சிட்டேனே” என்று தனக்குத்தானே சொன்னார். அம்மாதான் பாவம், ரயிலுக்கா குங்குமம் வைத்தேன் என்று ஒரு பாட்டம் அழுதாள்.

அப்பா மறுநாளே நோட்டைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு ரயில் ஏறினார். அவர் அந்த லைனில் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. சாயங்கால வண்டியில் திரும்பி வந்து, தோளிலிருந்த துண்டை உதறி உட்கார்ந்தார். சித்தப்பா எதிரில் நின்றார்.

“காலாகாலத்துல சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதாடா? நேத்துதான் வேற எடத்துல தாம்பூலம் மாத்திட்டாங்களாம். பொண்ணோட அப்பாவுக்கும் மனசு கேக்கல. நோட்ட பூராவும் பொரட்டிப் பாத்தாரு. இவ்ளோ பொறுமசாலி புள்ளையான்னு கேட்டாரு. குடுத்த வாக்க மாத்த முடியாதுல்ல?”

“பரவால்லண்ணா.”

“நல்ல எடம்டா. ரயில்லேர்ந்தே வூடு தெரியுது. முன்னால பெரிய கெணறு.”

நான் உலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிணற்றடி அக்கா! எனக்குத்தான் கையாட்டுகிறாள் என்று நினைத்தேனே! நேற்று என்ற வார்த்தையும் உறைத்தது. ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னால் வாயைத் திறந்திருந்தால் போதும். அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல் வந்தது. சித்தப்பாதான் கஷாயம் போட்டுக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த ஞாயிறு, “வா குட்டி” என்று அவரே கூப்பிட்டார். வண்டியில் ஏறினோம். நான் வழக்கம்போல இடப்பக்க ஜன்னலுக்கு ஓடினேன். அவர் வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

“இந்தப் பக்கம் இன்னா சித்தப்பா கீது?”

“ஏரி கீது குட்டி. தண்ணி பாக்கலாம்.”

பங்குனி மாசம். ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. நான் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். சின்னபாபுசமுத்திரத்துக்கு முன்னால் வண்டி வேகம் குறைந்தது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். அந்த ஒரு நாள் அந்தத் துண்டில் எங்கள் கணக்கு முதல் தடவையே ஒத்துப்போயிற்று. அவர் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். அப்புறம் வைகாசித் தேர் வருவதற்குள் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குப் பாகூர்ப் பக்கம் பெண் எடுத்தோம். ரயிலே போகாத ஊர். சித்தி நல்லவள், சித்தப்பா வெள்ளைச் சட்டையை அழுக்காக்கினால் சண்டை போடுவாள், கொஞ்ச நேரத்தில் சிரிப்பாள். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்யாணமாகிச் சில மாசத்தில் சீமையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அந்தப் புத்தகத்தின் புதுப் பதிப்பு. நான் வாசலிலேயே கேட்டேன்.

“நம்ம லைனு வந்துச்சா?”

“வந்துச்சு குட்டி.” முகமெல்லாம் சிரிப்பு. விரலை வைத்துப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார். அகலம், நீளம், ஸ்டேஷன் அஞ்சு, வில்லியனூரில் தேர். அப்புறம் விரல் ஓரிடத்தில் நின்றது. “அவ்ளோதான்” என்று மூடிவிட்டார். அந்தப் புத்தகம் டிரங்குப் பெட்டிக்குள் போனது. கொல்லையில் அந்த அத்தையிடம் நான் என்ன சொன்னேன் என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. படுக்கையில் இருந்தபோதுகூட, சொல்லிவிடலாம் என்று போய் உட்கார்ந்து, கஞ்சி குடித்தீர்களா என்று கேட்டுவிட்டு வந்தேன். வெட்கம்தான், வேறென்ன?

போன மாசம், சித்தி போன பிறகு அவள் வீட்டைக் காலி பண்ணியபோது அந்தப் பெட்டி என்னிடம் வந்தது. நோட்டு இருந்தது. மஞ்சள் துணி நைந்து போயிருந்தது, குங்குமக் கறை அப்படியே. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எல்லா ஸ்டேஷனுக்கும் முக்கால் பக்கம். சின்னபாபுசமுத்திரத்துக்கு மட்டும் மூன்று பக்கம். கரும்பு வாசனை, வேப்ப மரம், ராட்டினச் சத்தம். ‘கிணற்றுத் தண்ணீர் தித்திப்பு’ என்று ஒரு வரி. எண்ணிப் பார்க்காமல் எழுதாதவர், குடித்துப் பார்க்காமல் இதை எப்படி எழுதியிருப்பார்? என்றைக்குக் குடித்தார்? எனக்குத் தெரியாது. கடைசியில், ‘விழுப்புரம் போகிறவர்கள் இடப்பக்கம் உட்காரவும்’ என்று எழுதி, அதில் ‘இடப்பக்கம்’ என்பதை மட்டும் அடித்து, மேலே வேறு மசியில் ‘வலப்பக்கம்’ என்று எழுதியிருந்தார். அந்த முத்தான எழுத்து அங்கே மட்டும் கோணியிருந்தது. நான் அழுதேன். இந்த வயசில் அழுதால் மூச்சு வாங்குகிறது.

அச்சடித்த புத்தகத்தை எதிர்வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு பிரெஞ்சு வாத்தியாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவரும் நம் வயசுக்காரர்தான். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தேடிக் கண்டுபிடித்தார்.

“அஞ்சே வரிதான்மா. மீட்டர் அகலம். நீளம் ஏறக்குறைய. அஞ்சு ஸ்டேஷன். தேர். அப்பால, சின்னபாபுசமுத்திரத்துக்கு முன்னால இடப்பக்கம் உட்காரவும்.”

“இன்னொரு தபா படிங்க. எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்னுதான் போட்டிருக்கான். ஏன்னு போடல.”

பிரதி தை மாசமே கப்பல் ஏறிவிட்டது இல்லையா? நோட்டில் அடித்தவர் அதைப் போய் அடிக்க முடியவில்லை.

“இன்னாமா கீது அங்க?” என்று கேட்டார் வாத்தியார்.

“ஒரு கெணறு கீது.”

“நான் போன வாரம் கூட அந்த ரயில்ல போனேனே. ரெண்டு பக்கமும் வூடுதான். கெணறு ஒண்ணும் இல்லியே?”

“அங்க இல்ல வாத்தியாரே” என்று அந்த ஐந்தாவது வரியின் மேல் விரலை வைத்தேன். “இதுல கீது.”